டாக்டர் ஐடா அம்மா புறப்பட்டு வந்த கதை



நம்ம பக்கத்துல வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் ஒண்ணு கூட இருக்காது. பிரசவம், ஆபரேஷன், கண், காய்ச்சல் என்று ஏதோ ஒண்ணுக்கு அந்த வாசலை மிதிச்சிருப்போம். அதை ஆரம்பிச்சவங்க டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். ஒரே ராத்திரியில் மூணு பெண்கள் பிரசவத்தில் இறந்துபோன கதையும் உங்கள்ல பலபேருக்குத் தெரியும். ஆனா அந்தக் கதையைச் சொல்றவங்க, மறுநாளே ஐடா அம்மா டாக்டராகி வந்து நின்ன மாதிரி சொல்லி முடிச்சிடறாங்க. நடுவுல எட்டு ஒன்பது வருஷம் இருக்கு. அந்த வருஷங்களில் அவங்க என்னென்ன ஏற்பாடு செஞ்சாங்க என்பதைத்தான் நான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதணும்னு நினைக்கிறேன்.

முதல்ல குடும்பத்தைச் சொல்லிடறேன். ஐடா அம்மாவோட தாத்தா பெயர் ஜான் ஸ்கடர். நியூயார்க்கில் நல்ல வரும்படியோடு இருந்த டாக்டர். ஒருநாள் நோயாளியைப் பார்க்கப் போன வீட்டில் கிடந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் படிச்சார். கிறிஸ்துவைப் பற்றித் தெரியாத தேசங்களுக்குப் போய் ஊழியம் செய்ய ஆள் வேணும் என்று அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவி ஹேரியட்டிடம் சொன்னார். அந்த அம்மாவும் சரின்னுட்டாங்க. 1819-ல் கப்பல் ஏறிட்டாங்க. முதலில் இலங்கையில், யாழ்ப்பாணம் பக்கத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தாங்க. 1836-ல் சென்னைக்கு வந்தாங்க.  அவங்க ஆண் பிள்ளைகளில் ஏழு பேர் இந்தியாவிலேயே ஊழியம் செய்தாங்க. அதில் ஒருத்தர், ஐடா அம்மாவோட அப்பா. அவர் பெயரும் ஜான்தான், அவரும் டாக்டர்தான்.

ஐடா அம்மா பிறந்தது 1870-ஆம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி, நம்ம ராணிப்பேட்டையில். அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த பெண் குழந்தை. ஆறு வயசு நடக்கும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தைப் பற்றி நம்ம பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். சாப்பாடு போடுற இடத்தில் வந்து உட்கார்ந்த குழந்தைகளுக்கு ரொட்டியைத் தானே எடுத்துச் சாப்பிடக்கூட கையில் தெம்பு இல்லை. சின்னப் பெண்ணான ஐடா அந்த ரொட்டியைப் பிய்ச்சுப் பிய்ச்சு வாயில் ஊட்டியிருக்காங்க. ஒரு குழந்தை மனசுல அது எப்படிப் பதிஞ்சிருக்கும்! பெரியவளானதும் இந்த ஊர்ப் பக்கமே வரக்கூடாதுன்னு அவங்க நினைச்சதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1878-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போனாங்க. கொஞ்ச வருஷம் எல்லோரும் ஒண்ணா இருந்தாங்க. அப்புறம் அப்பா மட்டும் இந்தியாவுக்குத் திரும்பினார். பிறகு அவருக்குத் துணையாக அம்மா சோஃபியாவும் கிளம்ப வேண்டி வந்தது. ஐடாவை சிகாகோவில் இருந்த சித்தப்பா பெரியப்பா முறை உறவினர் வீட்டில் விட்டுட்டுப் போனாங்க. அம்மா கிளம்பின ராத்திரி, அவங்க படுத்திருந்த கட்டில்ல போய் விழுந்து தலையணை நனைய அழுதிருக்கு அந்தப் பொண்ணு.

இந்த இடத்தை எழுதும்போது எனக்கு நம்ம ஊர் ஞாபகம்தான் வருது. நம்ம குழுக்களிலேயே வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் இருக்காங்க. பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுட்டு, தூங்கும்போதே கிளம்பிப் போனவங்களும் உண்டு. போறவங்களுக்கு ஒரு வலி, இருக்கிற பிள்ளைக்கு ஒரு வலி. அம்மா போனது நல்ல காரியத்துக்குத்தான் என்பதெல்லாம் அழுற குழந்தைக்குத் தெரியாது. ஸ்கடர் குடும்பத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுறவங்க இதைச் சீக்கிரமா தாண்டிப் போயிடுவாங்க. எனக்கு மனசு வரலை.

பிறகு மாசசூசெட்ஸ் மாகாணத்தில் நார்த்ஃபீல்டு என்ற ஊரில் பெண்கள் பள்ளியில் விடுதியில் தங்கிப் படிச்சாங்க. கலகலப்பான பொண்ணு, குறும்புக்காரி. தாத்தா, அப்பா, பெரியப்பா, சித்தப்பா என்று எல்லோரும் போன வழியில் தான் மட்டும் போகப்போறதில்லை, அமெரிக்காவிலேயே கல்யாணம் பண்ணிக்கிட்டு வசதியாக இருக்கப்போறேன் என்பதுதான் அப்போ அவங்க எண்ணம்.

1890-ல் திண்டிவனத்திலிருந்து செய்தி வந்தது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று. அவங்களைப் பார்த்துக்க ஐடா வந்தாங்க. கொஞ்ச நாள் இருந்துட்டுத் திரும்பிடறதாகத்தான் ஏற்பாடு. அங்கே இருக்கும்போதுதான் அந்த ராத்திரி.

முதலில் ஒரு பிராமணர் வந்தார். சின்ன வயசு மனைவிக்குப் பிரசவம் கஷ்டமாக இருக்கு, நீங்க வரணும் என்று ஐடாவைக் கூப்பிட்டார். எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பாதான் டாக்டர், அவர் வருவார் என்று இவங்க சொன்னாங்க. அன்னிய ஆம்பளை என் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று சொல்லிட்டு அவர் போயிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர் வந்தார். அதே கஷ்டம், அதே பேச்சு. மூணாவதாக இன்னொரு இந்து வந்தார். அவரும் அப்படியே போனார். அப்பா மருந்துப் பெட்டியோடு தயாராகத்தான் இருந்தார். வாசல் தாண்ட முடியலை. காலையில் சாவு மேளம் கேட்டது. விசாரிச்சா மூணு பெண்களும் போயிட்டாங்க.

மூணு பேரும் ஒரே மதமும் இல்லை, ஒரே சாதியும் இல்லை. பெண்ணுக்கு வந்த கதி ஒண்ணுதான். ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்த ஐடா, காலையில் அப்பா அம்மாகிட்ட போய்த் தன் முடிவைச் சொன்னாங்க. அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு, இங்கேயே திரும்பி வந்து பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப்போறேன் என்பதுதான் அது.

முடிவு எடுத்த உடனே கப்பல் ஏற முடியலை. அம்மாவுக்கு உதவியாகச் சில வருஷம் இங்கேயே இருந்துட்டுத்தான் போனாங்க. 1895-ல் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாங்க. 1850-ல் பெண்களுக்காகவே ஆரம்பிச்ச கல்லூரி அது. ஆண்கள் கல்லூரிகள் பெரும்பாலும் பெண்களுக்குக் கதவு திறக்காத காலம். நம்ம நாட்டுப் பெண் ஒருத்தரும் அதே கல்லூரியில் இவங்களுக்கு முன்னாடியே படிச்சு டாக்டர் ஆகியிருக்காங்க. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஆனந்திபாய் ஜோஷி. பெத்த குழந்தையை பத்தே நாளில் பறிகொடுத்தவங்க. 1883-ல் கடல் தாண்டிப் போய், 1886-ல் பட்டம் வாங்கி, ஊர் திரும்பி, 1887-ல் 21 வயசிலேயே காசநோயில் இறந்துட்டாங்க. ஒரு நோயாளியைக் கூட தன் ஊரில் பார்க்கக் கொடுத்து வைக்கலை. ஐடா அம்மாவின் கதையோடு இந்தப் பெண்ணையும் நாம் நினைச்சுக்கணும் என்பதற்காக எழுதினேன்.

நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி 1898-ல் புதுசாகத் திறந்து பெண்களையும் சேர்த்துக்கிட்டாங்க. ஐடா அங்கே மாறி, கடைசி வருஷத்தை முடிச்சு, 1899-ல் பட்டம் வாங்கினாங்க. அப்போ அவங்களுக்கு 28 வயசு. நம்ம ஊராக இருந்தா இந்த வயசுக்குள்ள எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசியிருப்பாங்க! கல்யாணம் எப்போ, இன்னும் என்ன படிப்பு என்று. அவங்க கடைசி வரைக்கும் கல்யாணம் செய்துக்கவே இல்லை.

படிப்பு முடிஞ்சாச்சு. அனுப்பி வைக்கிற திருச்சபைச் சங்கமும் சரி சொல்லியாச்சு. துணிமணியை எடுத்துப் பெட்டியில் வச்சுக் கிளம்ப வேண்டியதுதானே என்று நினைப்போம். அங்கேதான் இன்னொரு வேலை வந்தது. வேலூரில் பெண்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி கட்டணும், அதுக்குப் பணம் நீங்களே திரட்டணும் என்று சொல்லிட்டாங்க. 8000 டாலர் வேணும். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. கையில் சர்டிபிகேட் தவிர வேற எதுவும் இல்லாத பொண்ணு, தெரிஞ்ச வீடு தெரியாத வீடு எல்லாம் ஏறி இறங்கினாங்க. ஒவ்வொரு இடத்திலும் சின்னச் சின்னத் தொகைதான் கிடைச்சது. கப்பல் நாளோ நெருங்கிக்கிட்டே வந்தது.

பணம் கேட்கப் போறது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். நம்ம குழு முதல்முதல்ல வங்கிக்குக் கடன் கேட்டுப் போனப்போ, கண்ணாடிக் கதவைத் தள்ளவே நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னோம். நமக்காகக் கேட்கவே இவ்வளவு கூச்சம். ஐடா அம்மா கேட்டது முகம் தெரியாத பெண்களுக்காக, அதுவும் வெகு தூரம் போகிற கப்பல் வழியின் அந்தக் கோடியில் இருக்கிறவங்களுக்காக.

கடைசியில் நியூயார்க்கில் டேபர் என்ற ஒரு அம்மாவைப் பார்க்கப் போனாங்க. பெண்கள் சங்கம் ஒன்றில் முக்கியமான பொறுப்பில் இருந்தவங்க அவங்க. ஐடா அவங்களிடம் திண்டிவனத்து ராத்திரியை எடுத்துச் சொல்லி உதவி கேட்டாங்க. சங்கக் கூட்டத்தில் வந்து பேசுங்க என்று அந்த அம்மா சொன்னாங்க, அதுக்கு மேல் உறுதி எதுவும் தரலை. ஆனா அதே வீட்டில் ஒரு பெரியவர் இந்தப் பேச்சை எல்லாம் காதில் வாங்கிக்கிட்டு இருந்திருக்கார். அவர் டேபர் அம்மாவின் அக்காள் தங்கச்சி முறையில் மாப்பிள்ளை, மனைவியை இழந்தவர், வங்கிக்காரர், பெயர் செல். பிறகு ஐடாவைக் கூப்பிட்டனுப்பி, துருவித் துருவிக் கேள்வி கேட்டார். ஆஸ்பத்திரி எதுக்கு, யார் நடத்தப்போறது, அனுபவம் இல்லாத சின்னப் பொண்ணால் முடியுமா என்றெல்லாம். அப்பா பெரிய டாக்டர், அவர்கிட்ட இருந்து கத்துக்குவேன் என்று ஐடா சொன்னாங்க. செல் ஐயா 10,000 டாலர் எழுதிக் கொடுத்தார். இறந்துபோன மனைவி மேரி டேபர் செல் பெயரை ஆஸ்பத்திரிக்கு வைக்கணும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

வேலூரில் இன்னைக்கும் செல் கண் ஆஸ்பத்திரி என்று சொல்றோமே, அது அந்த அம்மா பெயர்தான். செல்போன் வந்த பிறகு பிறந்த நம்ம பிள்ளைங்க அதைக் கேட்டுட்டுச் சிரிக்குதுங்க. சொல்லிக் கொடுங்க.

பணம் கிடைச்சது. இன்னொண்ணும் கிடைச்சது, ஒரு துணை. ஆனி ஹான்காக் என்ற தோழி தானும் வர்றேன் என்று சேர்ந்துக்கிட்டாங்க. அவங்க டாக்டர் இல்லை. வேலூரில் வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு பேசிப் பழகுறது அவங்க வேலையாக ஆச்சு. வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெண்கள் இருந்த காலத்தில், ஒருத்தர் ஆஸ்பத்திரியில் இருக்க ஒருத்தர் வீடு வீடாகப் போறது எவ்வளவு தேவையான ஏற்பாடு என்று நமக்குச் சொல்லவே வேண்டாம். நம்ம குழுவை ஆரம்பிக்கவும் யாரோ ஒருத்தர் நம்ம திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசினதால்தானே நாம் வெளியே வந்தோம்.

இரண்டு பேரும் கப்பலில் வந்து, 1900-ஆம் வருஷத் தொடக்கத்தில் இந்தியாவில் இறங்கினாங்க. படிப்பு, பணம், துணை எல்லாம் கையில் இருந்தது. நம்பி வந்த முக்கியமான ஒண்ணு மட்டும் நிலைக்கலை. எந்த அப்பாவிடம் தொழில் கத்துக்கலாம் என்று செல் ஐயாவிடம் சொன்னாங்களோ, அந்த அப்பா புற்றுநோயில் அதே வருஷம் இறந்துட்டார். எத்தனை வருஷம் ஏற்பாடு செஞ்சாலும் இப்படி ஒண்ணு கைவிட்டுப் போகத்தான் செய்யும் போல. அனுபவம் இல்லாத டாக்டர், கேட்டுத் தெரிஞ்சுக்க ஆள் இல்லை, பெண் டாக்டர் என்றால் ஜனங்களுக்கும் நம்பிக்கை இல்லை.

கட்டடம் வரும்வரைக்கும் காத்திருக்காமல், தங்கியிருந்த பங்களாவிலேயே பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் வைத்தியம் ஆரம்பிச்சாங்க. முதலில் ஆள் வரலை. அப்புறம் ஒருத்தர் இரண்டு பேர் என்று வந்து, வரிசை நிற்க ஆரம்பிச்சது. உதவிக்கு வீட்டில் சமையல் வேலை செஞ்சவரின் மனைவி சலோமியையே பழக்கிக்கிட்டாங்க. இரண்டு வருஷத்தில் 5000 பேருக்கு மேல் பார்த்திருக்காங்க. 1902-ல் 40 படுக்கையோடு மேரி டேபர் செல் ஆஸ்பத்திரி திறந்தது.

அதுக்குப் பிறகு நடந்ததை எல்லாம் எழுதினா இந்த மலர் முழுக்க எனக்கே வேணும். சுருக்கமாகச் சொல்றேன். 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் ஒரு சின்ன மோட்டார் கார் வந்தது. ஜனங்க அதைப் பார்த்துப் பேய் வண்டி என்று பயந்து ஓடினாங்களாம். அந்தக் காரில் வாரம் ஒருநாள் குடியாத்தம் ரோட்டில் போய், வழியில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்த்தாங்க. ஆஸ்பத்திரிக்கு வர வண்டிச் சத்தம் இல்லாதவங்களுக்கு ஆஸ்பத்திரியே ரோட்டுக்கு வந்தது.

1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இதுக்கு அனுமதி கேட்டப்போ, பெண் பிள்ளைங்க மூணு பேர் விண்ணப்பம் போட்டாலே அதிர்ஷ்டம் என்று மருத்துவத் துறை மேலதிகாரி நினைச்சார். இடம் இல்லாமல் திருப்பி அனுப்புற அளவுக்கு வந்தது. இந்த முறை வீட்டை விட்டுக் கிளம்பி வந்தது நம்ம நாட்டுப் பொண்ணுங்க. அப்பா, அண்ணன் கொண்டுவந்து விட்டுட்டுப் போக, வேலூரில் தங்கி நாலு வருஷம் படிச்சாங்க. அரசாங்கப் பரீட்சையில் ஆண்கள் பள்ளிகளிலேயே அஞ்சில் ஒருத்தர்தான் தேறுவாங்க, உங்க பிள்ளைங்க தேறலைன்னா மனசு விட்டுடாதீங்க என்று அதே அதிகாரி சொல்லி வச்சார். பரீட்சை எழுதின 14 பெண்களும் தேறிட்டாங்க.

பணத்துக்காக அலையுறது மட்டும் ஐடா அம்மாவை விடவே இல்லை. 1920-களில் ஆசியாவில் உள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்கு, நீங்க 20 லட்சம் டாலர் திரட்டினா நாங்க 10 லட்சம் தர்றோம் என்று ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சொன்னது. நம்ம சேமிப்புக்கு ஏத்த மாதிரி கடன் கொடுக்கிறாங்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அமெரிக்கப் பெண்கள் சங்கம் சங்கமாகச் சேர்த்துத் திரட்டினாங்க. அந்த ஏழில் வேலூரும் ஒண்ணு. 70 வயசு தாண்டின பிறகும், பள்ளியை எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்த்தப் பணம் வேணும் என்று மறுபடியும் அமெரிக்கா போனாங்க. யுத்த காலம் வேற. 1942-ல் அந்தப் படிப்பு வந்தது. 1947-ல் ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கிட்டாங்க. 1960 மே 24-ந் தேதி கொடைக்கானலில், 89-ஆவது வயசில் ஐடா அம்மா காலமானாங்க.

அம்மா சோஃபியாவைப் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. புருஷன் இறந்த பிறகு அந்த அம்மா அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் மகன்களோடு இருந்திருக்கலாம். போகலை. வேலூரிலேயே மகளோடு தங்கிட்டாங்க. மகள் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்க, இவங்க வீட்டைப் பார்த்துக்கிட்டாங்க. 1925-ல் வேலூரில் இறக்கிற வரைக்கும், சிகாகோவில் விட்டுட்டுப் போன அந்தப் பொண்ணு கூடவேதான் இருபத்தைந்து வருஷம் இருந்தாங்க.